தைத்த துணிக்குத் தீட்டா?

தஞ்சை ஜில்லாவில் ஒரு சிற்றூரிலுள்ள நமது தோழர் ஒருவர் தையல் தொழில் செய்பவர். அவருடைய தகப்பனாரும் அதே தொழில் செய்தவர். ஐம்பது வருஷ காலம் ஒரே மிஷினைக் காலால் மிதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றி, மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு, சில மாதங்களுக்கு முன் காலமானார். தோழருக்குக் கருமாதி, திவசம் என்பவைகளில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் தாயாருடைய அழுகையை உத்தேசித்துப் பதினாறாம் நாள் புரோகிதரை வரவழைக்கச் சம்மதித்தார்.

புரோகிதர் வந்தார். மணையில் உட்காரப் போன தோழரைப் பார்த்து, "சட்டையைக் கழட்டிட்டு உட்காருங்கோ. தைச்ச துணி கர்மாவுக்கு ஆகாது, தீட்டு" என்றார்.

தோழர், "சாமி, இந்தச் சட்டை எங்கப்பா கடைசியா தைச்சுக் கொடுத்தது. அவருக்குச் செய்யற காரியத்துக்கு அவர் தைச்ச சட்டை ஆகாதுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"சாஸ்திரம் அப்படிச் சொல்றது. நான் என்ன பண்றது?"

"சரிங்க சாமி. தைச்ச துணி தீட்டுன்னா, தைச்சுச் சம்பாதிச்ச பணம்?"

புரோகிதர் இதற்குப் பதில் சொல்லவில்லையாம். பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்லுகின்றோம். இந்தச் சங்கதியைத் தோழர் நம்மிடம் வந்து சொல்லி, தைத்த துணிக்கு எங்கிருந்து தீட்டு வந்தது, யாருக்காக வந்தது என்பதைப் பற்றி எழுத வேண்டுமென்று கேட்டுக் கொண்டார். நாம் பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் படித்தவர்களல்ல என்றாலும், தேடிப் படித்து அறிந்த வரையில் எழுதுகின்றோம்.

உலகத்திலே மனிதன் துணி உடுத்துவதில் இரண்டு வழிகள்தான் இருந்து வந்திருக்கின்றன. ஒன்று, தறியிலிருந்து வந்த துணியை அப்படியே சுற்றிக் கொள்ளுவது, அல்லது போர்த்திக் கொள்ளுவது. நமது வேஷ்டி, சேலை, துண்டு இவைகளும், பழைய கிரேக்கர்கள் ஊக்கு மாட்டிப் போர்த்திக் கொண்டதும், ரோமாபுரிக்காரர்களுடைய டோகாவும் இந்த வகை. மற்றொன்று, துணியை உடம்பின் அளவுக்கு வெட்டித் தைத்துப் போட்டுக் கொள்ளுவது. சட்டை, கால்சட்டை, ரவிக்கை, கோட்டு முதலியவைகள் இந்த வகை.

இந்த இரண்டும் ஏற்பட்டதற்குக் காரணம் கடவுளுமல்ல, சாஸ்திரமுமல்ல. வெயிலும், குளிரும், தறியும், குதிரையுந்தான் காரணம். குளிர் தேசத்து மனிதன் தோலை உடம்போடு ஒட்டித் தைத்துப் போட்டுக் கொள்ளாவிட்டால் விறைத்துச் செத்துப் போவான். சைபீரியாவில் டெனிசோவா என்னும் குகையிலே எலும்பில் செய்து காது துளைத்த ஊசி ஒன்று கண்டெடுக்கப்பட்டிருக்கின்றது. அதற்கு வயது 40,000 வருஷங்களுக்கு மேல் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அதாவது வேதமும், புராணமும், அவைகளைச் சொன்ன ரிஷிகளும், ஏன், நெல்லும் நெற்பயிரும்கூடத் தோன்றுவதற்கு எவ்வளவோ காலத்திற்கு முன்பே ஊசி தோன்றிவிட்டது. கால்சட்டையோ குதிரை ஏறுகிறவனுக்காக ஏற்பட்டது. சீனாவின் மேற்குப் பாகத்தில் துர்பான் என்னும் ஊருக்குப் பக்கத்தில் யாங்ஹாய் என்ற இடத்துச் சமாதிகளில் ஏறக்குறைய 3,000 வருஷத்திற்கு முந்திய கம்பளிக் கால்சட்டை கிடைத்திருக்கின்றது. குதிரைமேல் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவனுக்கு வேஷ்டி எப்படி உதவும்? ஆகவே அவன் கால்சட்டை தைத்துக் கொண்டான். இதில் தீட்டு எங்கே இருக்கின்றது?

நமது தேசமோ உஷ்ண தேசம். கைத்தறியிலே ஒரு துணி நெய்வதென்றால் நூல் நூற்பதிலிருந்து பல பேருடைய பல நாள் உழைப்பு. அவ்வளவு பாடுபட்டு நெய்த நாலு மூலைத் துணியை வெட்டினால் துண்டும் துணுக்குமாகச் சேதம் போகும். வெட்டாமல் கட்டினால் ஒரு அங்குலங்கூட வீணில்லை. கிணற்றடியில் அலசி உதறினால் அரை நாழிகையில் காய்ந்துவிடும். நமது குடியானவன் தோளிலே போடும் துண்டைக் கவனித்துப் பாருங்கள். வெயிலில் அது தலைப்பாகை. வேலை செய்யும்போது இடுப்புக் கச்சை. களைத்தால் விசிறி. சந்தையிலே மூட்டை. மரத்தடியிலே பாய். பிள்ளை அழுதால் தூளி. இத்தனை வேலைக்கும் ஒரே துணி. எந்தத் தையற்காரனும் இப்படிப்பட்ட ஒரு உடையை இதுவரை தைத்ததில்லை. ஆதலால் போர்த்தும் துணியைக் கேவலமென்று நாம் சொல்ல வரவில்லை. அது அறிவோடு ஏற்பட்ட உடைதான். அறிவோடு ஏற்பட்டதன்மேல் அயோக்கியத்தனத்தை ஏற்றி வைத்தவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இந்தியாவில் துருக்கர்கள் வருவதற்கு முன் தையலே கிடையாது, எல்லோரும் தைக்காத "சுத்த" வஸ்திரமே கட்டினார்கள் என்று சிலர் பிரசங்கம் செய்கிறார்கள். இது சுத்தப் புளுகு. ரிக் வேதத்திலேயே ஊசியும் தையலும் பேசப்படுகின்றன. மதுரா நகரத்துக் காட்சிச்சாலையிலே கனிஷ்க ராஜாவின் தலையில்லாத கற்சிலை இருக்கின்றது. அவர் நீண்ட கோட்டும் கால்சட்டையும் கனத்த பூட்ஸும் போட்டுக் கொண்டு நிற்கிறார். பிராமணர்கள் தங்கள் பொற்காலமென்று கொண்டாடும் குப்த ராஜாக்களும் தங்கள் நாணயங்களில் கோட்டுப் போட்டுக் கொண்டே காட்சி கொடுக்கிறார்கள். நமது தமிழ்நாட்டிலும் அப்படியே. சிலப்பதிகாரத்தில் புகார்ப் பட்டினத்துத் தொழிலாளிகளைச் சொல்லும் இடத்தில் துன்னகாரர் என்று தையற்காரர்கள் வருகிறார்கள். முல்லைப்பாட்டில் ராஜாவின் பாசறையைக் காவல் காக்கும் யவனர்கள் போட்டிருப்பதற்கு மெய்ப்பை என்று பெயர். மெய்யைப் போட்டுக் கொள்ளும் பை! சட்டைக்கு இதைவிட நல்ல பெயர் இனிமேல் கண்டுபிடிக்க முடியுமா என்பது சந்தேகந்தான்.

அப்படியிருக்க, தீட்டு என்பது எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் நமது தேசத்தில் மாத்திரம் தேடினால் போதாது. ரோமாபுரிக்குப் போய்ப் பார்ப்போம். அங்கே டோகா என்பது ஏறக்குறைய 18 அடி நீளமுள்ள ஒரு கம்பளித் துணி. அதைத் தானே கட்டிக் கொள்ள முடியாது. மடிப்பு வைத்துக் கட்டிவிட ஒரு அடிமை வேண்டும். கட்டிக் கொண்டால் இடது கையை வேறு வேலைக்கு உபயோகிக்க முடியாது. அதனால்தான் அது பெருமை! "நான் வேலை செய்கிறவனல்ல" என்பதை வீதியிலே விளம்பரம் செய்யும் துணி அது. ரோமாபுரிக் குடிமகனுக்குத்தான் டோகா. அடிமைக்கு இல்லை, அன்னியனுக்கு இல்லை. நாடு கடத்தப்பட்டவனுக்கும் அந்த உரிமை போய்விடும். வடக்கேயிருந்த கால்சட்டைக்காரர்களை ரோமர்கள் காட்டுமிராண்டிகள் என்று சொல்லிச் சிரித்தார்கள். கி.பி. 400ஐ ஒட்டி ஹொனோரியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், ரோமாபுரிக்குள் கால்சட்டை போட்டு நடக்கிறவனுடைய சொத்தைப் பறிமுதல் செய்து நாடு கடத்துவது என்று சட்டமே செய்தார்கள். 410ஆம் வருஷத்தில் அந்தக் கால்சட்டைக்காரர்களே அலாரிக் என்பவன் தலைமையில் வந்து ரோமாபுரியைக் கொள்ளையிட்டார்கள். டோகா தடுத்து நிறுத்தவில்லை.

ஸ்காத்லாந்து தேசத்திலும் இப்படி ஒன்று நடந்தது. அங்கே மலைநாட்டார் போர்த்தி வந்த கட்டம் போட்ட கம்பளியை, அவர்கள் கலகம் செய்தார்களென்பதற்காக 1746இல் ஆங்கில சர்க்கார் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். முதல் குற்றத்திற்கு ஆறு மாதம் ஜெயில், இரண்டாவது குற்றத்திற்கு ஏழு வருஷம் கப்பலேற்றல். 1782இல் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. 1822இல் நாலாவது ஜார்ஜ் ராஜாவே எடின்பரோ நகரத்தில் அந்த உடையைப் போட்டுக் கொண்டு காட்சி கொடுத்தார். தடை செய்த ராஜா அவருடைய பாட்டனுக்குத் தகப்பனார்! துணியின் யோக்கியதை இடையில் மாறவில்லை. பயம் போய்விட்டது, அவ்வளவுதான்.

இனி நமது பக்கத்துச் சங்கதிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. ஏனெனில், போர்த்தும் துணிக்கும் தைத்த துணிக்கும் நடந்த சண்டையில் பெண்களுடைய மானமும், மனிதருடைய வீடுகளும் பலியான இடம் அது.

பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்திலே, இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கின்ற பாகத்தில், நாடார் சமூகத்துப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது வழக்கம். மறைக்கக் கூடாது என்றால் மறைக்கத் துணியில்லை என்று அர்த்தமல்ல. மறைத்தால் மேல்ஜாதியாருக்கு அவமரியாதை என்று அர்த்தம். அந்த வழக்கத்தின் படிக்கட்டு எப்படியிருந்தது தெரியுமா? நாயர் பெண்களுக்கு மேல்முண்டு உண்டு. ஆனால் நம்பூதிரிக்கு முன்னும் சுவாமிக்கு முன்னும் அதை அவர்களும் நீக்கியாக வேண்டும். அதாவது, யாருக்கு முன் யார் துணியை எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தே யார் மேல், யார் கீழ் என்பதைக் கண்ணால் படித்துக் கொள்ளலாம். எழுத்து வாசனை இல்லாதவனும் படிக்கக்கூடிய புத்தகமாகப் பெண்களுடைய உடம்பை வைத்திருந்தார்கள்.

கிறிஸ்தவப் பாதிரிகள் வந்து நாடார்களில் பலர் கிறிஸ்தவர்களானதும், அந்தப் பெண்கள் மார்பை மறைக்கத் தொடங்கினார்கள். திவான் உத்தியோகமும் பார்த்த ரெஸிடெண்டு கர்னல் மன்றோ 1812இல் கிறிஸ்தவப் பெண்கள் மற்ற தேசத்துக் கிறிஸ்தவர்களைப் போல் உடம்பை மறைக்கலாமென்று உத்தரவு போட்டார். மேல்ஜாதியார் கூச்சலிட்டார்கள். 1814 மே மாதத்தில் சமஸ்தான சர்க்கார் ஒரு சமாதானம் கண்டுபிடித்தது. என்னவென்றால், கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் என்னும் தைத்த சட்டையைப் போட்டுக் கொள்ளலாம், ஆனால் நாயர் பெண்களைப் போல் தோளிலே துணியைப் போர்த்தக் கூடாது!

தோழர்களே, இந்த உத்தரவை இரண்டு தடவை படித்துப் பாருங்கள். மார்பு மறைவதுதான் ஆட்சேபணை என்றால், சட்டை போட்டாலும் மறையத்தானே செய்கிறது? போர்வையைவிடச் சட்டை நன்றாகவே மறைக்கும். அப்படியானால் ஆட்சேபணை மறைப்பதில் இல்லை. நாயர் பெண்ணும் நாடார் பெண்ணும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போல் தெரிந்துவிடுவார்களே, அதில்தான் இருக்கின்றது. தைத்த துணி ஏற்கனவே சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிள்ளைமார்களும் போடுவது. மேல்ஜாதி இந்துக்களுக்கு அது வேண்டாதது. ஆகவே அதைத் தாராளமாகக் கொடுத்தார்கள்! தைக்காத துணி உயர்ந்தவனுக்கு, தைத்தது மற்றவனுக்கு.

ஆனால் பெண்கள் இந்தச் சமாதானத்தில் திருப்தி அடையவில்லை. குப்பாயத்தின் மேலே துணியையும் போர்த்திக் கொண்டு சந்தைக்குப் போனார்கள். இது நமக்கு மிகவும் சந்தோஷத்தைக் கொடுக்கும் சங்கதி. மறைப்பதற்குத் துணி கிடைத்துவிட்டதே என்று அவர்கள் அடங்கியிருக்கலாம். அவர்கள் கேட்டது துணியல்ல, சமத்துவம். அதனால்தான் இடங் கொடுத்த உடையை விட்டு, தடுத்த உடையைப் போட்டார்கள். அதற்காக அடிபட்டார்கள். சந்தை வழிகளிலே மேல்துணியைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். 1829 பிப்ரவரி 3ஆம் தேதி வெளியான ராஜ விளம்பரம், பழைய உத்தரவையே எடுத்துக் காட்டி, மேல்துணி கூடவே கூடாது என்று மறுபடியும் சொல்லிற்று. முப்பது வருஷம் கழித்து, 1858-59இல், மறுபடியும் பெருங்கலகம். கோயில்களும் பள்ளிக்கூடங்களும் வீடுகளும் கொளுத்தப்பட்டன. சென்னைக் கவர்னர் டிரெவெலியன் தலையிட்டு நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26ஆம் தேதி மகாராஜா ஒரு விளம்பரம் செய்தார். நாடார் பெண்கள் எந்த மதத்தவரானாலும் சட்டை போடலாம், அல்லது முரட்டுத் துணியை மீன்பிடிக்கும் முக்குவப் பெண்கள் கட்டுவதைப் போல் சுற்றிக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்ஜாதிப் பெண்களைப் போல் மாத்திரம் உடுத்தக் கூடாது!

நாற்பத்தேழு வருஷம் அடியும் தீயும் பட்ட பிறகும், அந்தக் கடைசி வார்த்தையை விட மனம் வரவில்லை, பார்த்தீர்களா? துணி முரட்டுத் துணியாக இருக்க வேண்டுமாம். கட்டும் மாதிரியும் வேறாக இருக்க வேண்டுமாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சண்டையின் முடிவில் ஜெயித்தது எது? எந்தத் தைத்த துணியைக் கீழானதென்று நாடார் பெண்களுக்கு ஒதுக்கினார்களோ, அதே தைத்த ரவிக்கையை இன்றைக்கு நம்பூதிரி வீட்டுப் பெண்ணும் நாயர் வீட்டுப் பெண்ணும் போட்டுக் கொள்ளுகிறார்கள். வங்காளத்திலும் அப்படியே. தாகூர் குடும்பத்து ஞானதானந்தினி தேவி என்னும் அம்மையார் 19ஆம் நூற்றாண்டில் சேலைக்குள்ளே ரவிக்கையும் உள்பாவாடையும் போடும் வழக்கத்தைப் பரப்பினார். இன்றைக்குப் "பாரம்பரிய உடை சேலைதான்" என்று மேடையேறிப் பேசுகின்ற கனவான்கள் கொஞ்சம் கவனிக்கட்டும். அந்த உடையில் மூன்று உருப்படி இருக்கின்றன. அவற்றில் இரண்டு தையற்காரன் கடையிலிருந்து வந்தவை.

இவ்வளவு முக்கியமான சரித்திரத்தை நமது பிள்ளைகள் படிக்க வேண்டாமா? 9ஆம் வகுப்பு மத்திய சர்க்கார் பாடப் புத்தகத்தில் உடையின் சமூக சரித்திரம் என்று ஒரு பாடம் இருந்தது. இந்த மேலாடைச் சண்டை அதில் சொல்லப்பட்டிருந்தது. 2019இல் அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைக்கிறோம் என்பது அதற்குச் சொன்ன காரணம். எத்தனையோ சுமைகள் இருக்க, இந்தச் சுமைதான் முதலில் கண்ணில் பட்டிருக்கின்றது.

பெண்கள் சங்கதி இப்படியென்றால், ஆண்களுக்குக் கோயிலிலே சட்டை கழற்றும் வழக்கம் என்ன? கேரளத்திலே பல கோயில்களில் ஆண்பிள்ளை சட்டையோடு உள்ளே போக முடியாது. அது ஏன் என்று கேட்டால், பக்தி, தேக ஆரோக்கியம், காற்று, சக்தி என்று ஏதேதோ சொல்லுவார்கள். 2024 டிசம்பர் 31ஆம் தேதி சிவகிரி மடத்தின் தலைவராகிய சுவாமி சச்சிதானந்தா அவர்களே, இந்த வழக்கம் பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஏற்பட்டது, இதை ஒழிக்க வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். நாம் சொன்னால் நாஸ்திகன் சொல்லுகிறான் என்று தள்ளிவிடலாம். ஒரு மடாதிபதியே சொல்லுகிறாரே, இதற்கென்ன பதில்?

சட்டைமேல் இருக்கும் கோபத்தின் காரணம் இங்கேதான் வெளிப்படுகின்றது. துண்டு போர்த்தினால் ஒரு பக்கத்துத் தோள் தெரியும், மார்பு தெரியும், நூல் இருந்தால் நூலும், இல்லாவிட்டால் இல்லாமையும் தெரியும். சட்டை போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது. பறையனும் பார்ப்பானும் ஒரே மாதிரி இரண்டு கையும் ஒரு காலரும் உள்ள மனிதனாகத் தெரிகிறான். ஜாதியை மறைக்கின்ற துணி எப்படிச் சுத்தமாக இருக்க முடியும்? ஆகவே அதற்குத் தீட்டு என்று பெயர் வைத்தார்கள்.

முஸ்லீம்களும் மெக்காவுக்கு யாத்திரை போகும்போது ஆண்கள் தைக்காத இரண்டு துணியைத்தானே உடுத்துகிறார்கள் என்று ஒரு அன்பர் நம்மைக் கேட்டார். வாஸ்தவம். தைக்காத துணிக்குத் தனிப் புனிதம் இருப்பதாக நாம் அங்கேயும் ஒப்புக் கொள்ளவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் இருப்பது நியாயமல்ல. அங்கே நவாபும் அவனுடைய வண்டிக்காரனும் அதே இரண்டு துணியைத்தான் உடுத்த வேண்டும். யார் எவரென்று தெரியாமல் இருப்பதற்காக அங்கே தைக்காத துணி. யார் எவரென்று தெரிவதற்காக இங்கே தைக்காத துணி.

நிற்க. இதைப் படித்துவிட்டுச் சட்டை போட்டவனெல்லாம் அறிவாளி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம்மவர்களிலேயே சிலர் கோட்டும் கழுத்துச் சுருக்கும் மாட்டிக் கொண்டவுடன் வேஷ்டிக்காரனைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறார்கள். சென்னைச் சேப்பாக்கத்திலே கிரிக்கெட் சங்கத்துக் கிளப்பில் 2014 ஜூலை மாதத்தில், வேஷ்டி கட்டிப் போன உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் போய் 67 வருஷத்திற்குப் பிறகு! அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டசபையில், வேஷ்டி கட்டினவர்களைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாதென்று சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. கோயிலிலே சட்டைக்குத் தடை, கிளப்பிலே வேஷ்டிக்குத் தடை. முந்தியதற்குச் சாஸ்திரம் என்று பெயர். பிந்தியதற்கு நாகரிகம் என்று பெயர். இரண்டு வாசலிலும் நிற்கிறவனுடைய புத்தி ஒன்றுதான். ஒரு நீதிபதிக்கு நடந்ததனால் ஒரே மாதத்தில் சட்டம் வந்தது. குடியானவனைத் திருப்பி அனுப்பியிருந்தால் சட்டசபை கூடியிருக்குமா?

வயலிலே வேஷ்டி வசதியென்றால் வேஷ்டி கட்டட்டும். மிஷினுக்கு முன் நிற்கிறவன் கால்சட்டை போடட்டும். சக்கரத்திலே துணி மாட்டிக் கொண்டால் எந்தச் சாஸ்திரம் வந்து எடுத்துவிடப் போகிறது? பெண்களும் அப்படியே. சைக்கிளில் போகிறவளுக்குச் சுரிதார் சௌகரியமென்றால் அதைப் போடுவாள். 2016இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஒரு அதிகாரி சுரிதாரோடு பெண்களை உள்ளே விடலாமென்று உத்தரவு போட, சில நாளுக்குள் ஹைக்கோர்ட்டு வரை போய், தந்திரியின் அபிப்பிராயமே முடிவு என்றாகிவிட்டது. சுரிதாரின் மேலேயே ஒரு வேஷ்டியைச் சுற்றிக் கொண்டால் உள்ளே போகலாமாம். உள்ளே தைத்தது, வெளியே தைக்காதது. சுவாமிக்கு வெளியே இருப்பது மாத்திரந்தான் தெரியும்போல் இருக்கிறது!

இதே யுக்தியைத்தான் நமது தையற்காரத் தோழர் வீட்டுப் புரோகிதரும் கண்டுபிடித்தார். தோழர் சட்டையைக் கழற்றவில்லை. தாயார் அழ ஆரம்பித்தார். நேரமாகிறது, புரோகிதருக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி. கடைசியில் அவரே, "சரி, ஒரு துண்டை மேலே போர்த்திக்கோங்கோ. சட்டை வெளியிலே தெரியாமல் இருந்தால் போறும்" என்றாராம். தோழர் தாயாருக்காகத் துண்டைப் போர்த்திக் கொண்டு உட்கார்ந்தார். காரியம் முடிந்தது. தட்சணையை வாங்கிக் கொண்ட புரோகிதர், வந்தவுடன் கழற்றி ஆணியிலே மாட்டியிருந்த தம்முடைய சட்டையை எடுத்து, பணத்தை அதன் பையிலே வைத்து, சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டிக் கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போனார்.